வழிப்போக்கனைத் தேடியவர்கள்

பேராதனைச் சந்தியில் ஒரு மனிதனின் தாடை உடைந்த சத்தத்தைப் பெற்றீசியா பஸ்ஸின் முன் ஆசனத்தில் இருந்தபடி கேட்டாள். காய்ந்த விறகு முறிவது போல இருந்தது. அடித்தவன் அவள் ஏறியிருந்த பஸ்ஸில் டிக்கட் கொடுக்கும் கிளறன்ஸ். அடிபட்டவன் எதிர்க் கொம்பனி பஸ்ஸின் சாரதி. எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக் கிளறன்ஸ் மறுபடியும் ஓங்கினான். சாரதி வாயைப் பொத்திக்கொண்டு முழங்காலில் விழுந்தான். விரல்களுக்கு இடையால் இரத்தம் ஒழுகிச் சட்டையை நனைத்தது. சந்தியில் நின்ற சனத்தில் ஒருவரும் கிட்டப் போகவில்லை.

கிளறன்ஸ் கம்பியை ஆசனத்துக்கு அடியில் போட்டுவிட்டுக் காற்சட்டையில் கையைத் துடைத்தான்.

"மன்னிச்சுக்கங்க டீச்சர். ஒங்களுக்கு ஸ்கூலுக்கு லேட்டாக்கிட்டேன்" என்றான்.

அது 1934ஆம் ஆண்டு. கண்டியிலிருந்து பேராதனை வழியாகக் கலஹாவுக்குப் போகும் வீதியில் அப்போது இரண்டு கொம்பனிகளின் பஸ்கள் ஓடின. யார் முந்துகிறாரோ அவருக்குத்தான் தரிப்பிடத்தில் நிற்கும் சனம். அதனால் அந்தக் குறுகிய மலைப்பாதையில், ஒரு பக்கம் மண்திட்டும் மறு பக்கம் பள்ளமுமாக இருக்கும் வளைவுகளில், இரண்டு பஸ்களும் உரசிக்கொண்டு ஓடும். முந்த முடியாதவன் அடுத்த சந்தியில் இறங்கி அடிப்பான். பெற்றீசியா ஏறும் பஸ்ஸின் முதலாளி ராஜலிங்கம். அவருக்கு பஸ் ஓட்டத் தெரியாது. அடிக்க ஆள் பிடிக்கத் தெரியும். அப்படிப் பிடித்த ஆட்களில் முதல்தரமானவன் கிளறன்ஸ்.

கிளறன்ஸும் பெற்றீசியாவும் ஒரே கத்தோலிக்கக் கோயிலுக்குப் பூசைக்குப் போகிறவர்கள். அவனுக்கு அவள் மீது உண்மையான மரியாதை இருந்தது. முன் ஆசனத்தில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் எழுப்பிவிட்டு அவளை இருத்துவான். மழை நாளில் அவளுடைய குடையைத் தானே வாங்கி உதறி வைப்பான். அவனுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. 'மலைத்தூதன்' என்ற வாரப் பத்திரிகையில் 'வழிப்போக்கன் பேசுகிறான்' என்ற பத்தியை எழுதுவது அந்த டீச்சர்தான்.

பெற்றீசியாவின் தகப்பன் கடுகண்ணாவை ரெயில் நிலையத்தில் வேலை செய்தவர். இரண்டு பெட்டிகளுக்கு இடையில் நெரிபட்டுச் செத்தார். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. பத்திரிகையில் அந்தச் சாவு இரண்டு வரியில் வந்தது. அந்த இரண்டு வரியிலும் அவருடைய பெயர் பிழையாக இருந்தது. தாய் டொரதி அந்தத் துண்டை வெட்டிச் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். மகளால் அதைப் பார்க்கவே முடியவில்லை. பின்னர் அவள் ஆசிரியை ஆனாள். கண்டி கட்டுக்கலையில் தாயோடு வாடகை வீட்டில் இருந்துகொண்டு கலஹாக் கடைவீதிக்கு அருகில் இருந்த சிறிய கத்தோலிக்கப் பாடசாலைக்கு நாள்தோறும் போய்வந்தாள். கலியாணம் செய்யவில்லை.

ஒரு தடவை மிதிபலகையில் தொங்கிய சிறுபிள்ளை வளைவில் கழன்று விழுந்து பஸ்ஸின் பின்சில்லில் அகப்பட்டது. அதைக் கண்ணால் கண்ட பெற்றீசியா 'மலைத்தூதன்' ஆசிரியருக்கு எழுதி அனுப்பினாள். ஆசிரியர் செல்லப்பா யாழ்ப்பாணத்துக்காரர். அவரே பத்திரிகை முதலாளி, அவரே அச்சுப் பிழை பார்ப்பவர். எழுதியவரைப் பார்க்க அவர் கலஹாவுக்கு வந்து இறங்கினார்.

"ரீச்சர், இது கடிதமில்லை, பத்தி. கிழமைக்கு ஒண்டு எழுதித் தாரும்" என்றார். பிறகு சற்று யோசித்து, "ஆனா உம்மட பேரில வேண்டாம். பொம்பிளைப்பிள்ளையின்ர பேரைக் கண்டால் சனம் எழுத்தை விட்டிட்டு உம்மைத்தான் வாசிக்கும். ஆம்பிளைப் பேர் ஒண்டு வையும்" என்றார்.

அப்படிப் பிறந்தவன் வழிப்போக்கன். அவனுக்கு ஒரு வயதும் ஒரு நடையும் தேவைப்பட்டன. பெற்றீசியா அவனை ஐம்பது வயதுக்காரனாக்கினாள். தாடியைச் சொறிந்துகொண்டு பேசுபவனாக்கினாள். அந்தத் தாடி அவள் நாள்தோறும் பார்க்கும் ஒரு தாடிதான். மேல்மலைத் தோட்டத்துத் தபால்காரர் பொன்னையாவின் தாடி. தோல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் பாடசாலையைத் தாண்டித்தான் கலஹாத் தபாற்கந்தோருக்குப் போவார். அவருடைய மகள் அவளிடம் படித்தாள்.

பத்தி எழுதுவது அவளுக்குக் காதால் செய்யும் வேலையாக இருந்தது. பஸ்ஸில் சனம் பேசும். யார் தோட்டத்தில் யாரைக் கட்டிவைத்து அடித்தார்கள், எந்தக் கள்ளுத் தவறணையில் யாரைக் குத்தினார்கள், எந்தச் சந்தியில் கத்தி எடுத்தார்கள் என்றெல்லாம் பேசும். முன் ஆசனத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்க்கும் டீச்சரை யாரும் பொருட்படுத்தவில்லை. கேட்டவற்றை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து எழுதுவாள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் வாயால் கேட்கும்வரை எழுதமாட்டாள். ஆளின் பெயர் எழுதமாட்டாள். ஆனால் ஆள் யாரென்று வாசிப்பவனுக்குத் தெரியாமலும் விடமாட்டாள்.

பத்திரிகைக் கந்தோர் கண்டி பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு தேநீர்க் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே எப்போதும் பஸ்காரர்கள் இருப்பார்கள். அவள் அந்தப் படியில் ஏறினால் அன்றே கதை முடிந்துவிடும். அதனால் உறையைப் பொன்னையாவிடம் கொடுப்பாள். அவர் தோட்டத்துத் தபாலோடு சேர்த்துப் போட்டுவிடுவார்.

பேராதனைச் சந்திச் சண்டையைப் பற்றி அவள் இப்படி எழுதினாள்: 'கலஹா பஸ்ஸில் ஏறுபவர்கள் டிக்கட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். பிணத்தை வீட்டுக்குக் கொண்டுபோக அது உதவும். இரும்புக் கம்பி ஏந்திய ஒரு வீரன் அந்த பஸ்ஸில் இருக்கிறான். அவன் ஒரு சாரதியின் தாடையை உடைத்ததை நூறு பேர் கண்டார்கள். நூறு பேருக்கும் அன்று கண் தெரியவில்லை என்று பொலிஸ் சொல்கிறது. வழிப்போக்கன் தாடியைச் சொறிந்துகொண்டு கேட்கிறான்: பொலிசுக்குக் காதும் கேட்காதா?'

இந்த முறை பொலிசுக்குக் காது கேட்டது. கிளறன்ஸைப் பிடித்து அடைத்தார்கள். சாரதி பேச முடியாமல் கிடந்ததாலும், சாட்சி சொல்ல ஆள் வராததாலும் வெளியே வந்துவிட்டான். ஆனால் ஸ்டேசனில் அவனை நன்றாக அடித்திருந்தார்கள். முதுகை வளைக்க முடியாமல் பஸ்ஸில் ஏறியவனுக்கு, தரிப்பிடத்தில் யாரோ அந்தப் பத்தியை உரக்க வாசித்துச் சிரித்தது கேட்டது.

"அந்தத் தாடிக்காரன கண்டுபிடிக்காம விடமாட்டேன் டீச்சர்" என்று அவன் பெற்றீசியாவிடம் சொன்னான். "மொதலாளியும் சொல்லிட்டாரு."

அவள் டிக்கட்டை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தாள். பயந்தாள். ஆனால் அந்தப் பயத்தில் ஒரு சிறு சந்தோசமும் இருந்தது. இல்லாத ஒருவனைத் தேடுகிறார்கள். எங்கே கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று எண்ணினாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை அவள் ஏறியபோது கிளறன்ஸ் மிகவும் சந்தோசமாக இருந்தான். டிக்கட் கொடுத்து முடித்து, அவளுக்குப் பக்கத்தில் ஆசனத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"புடிச்சிட்டோம் டீச்சர், வழிப்போக்கன."

"யார?"

"மேல்மலைத் தோட்டத்து தப்பால்காரன். வாராவாரம் பேப்பருக்குத் தடியா ஒரு கவர் போடுறானாம். தப்பால் கந்தோர்ல எல்லாருக்கும் தெரியும். தாடியும் இருக்கு பாருங்க. சனிக்கிழம பகல்ல, பை போட்டுக்கிட்டு குறுக்குப் பாதையில ஏறுறப்ப மறிச்சோம். நீதானாடா எழுதுறதுன்னு தாடியப் புடிச்சு இழுத்துக் கேட்டேன். மொதல்ல பேசல. அப்புறம், 'ஆமா, நாந்தான் எழுதுறேன், உண்மையத்தான் எழுதுறேன்'னு நெஞ்ச நிமித்திக்கிட்டுச் சொன்னான் டீச்சர்! என்னா திமிரு! எழுதுற கைய மொதல்ல ஒடச்சேன். பொறகு நம்ம பொடியன்மாரு ரெண்டு பேரும் சேந்து மிதிச்சாங்க. கல்லுல தல மோதிருச்சு. இப்ப கண்டி ஆஸ்பத்திரில கெடக்கான்."

பக்கத்து ஆசனத்தில் இருந்த ஒருவர் சிரித்தார். இன்னொருவர் வெளியே பார்த்தார். பெற்றீசியாவின் காதுக்குள் எஞ்சின் சத்தம் மட்டும் இருந்தது. அடுத்த தரிப்பிடத்தில் இறங்கினாள். "டீச்சர், ஸ்கூல் இன்னும் வரலியே!" என்று கிளறன்ஸ் கூப்பிட்டான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு கண்டிப் பக்கம் போகும் மாட்டுவண்டி ஒன்றை மறித்து ஏறினாள்.

கண்டியில் ஆஸ்பத்திரி வாட்டில் பொன்னையாவை அவளால் அடையாளம் காண முடியவில்லை. முகம் ஊதிக் கறுத்து, ஒரு கண் இருந்த இடம் தெரியவில்லை. தாடியில் பாதியைத் தோலோடு பிய்த்திருந்தார்கள். வலது கையின் எலும்பு துணிக்கட்டுக்கு வெளியே வந்திருந்தது. பக்கத்தில் மனைவி பேச்சியம்மா, தோட்டத்து வேலைக்குக் கட்டிய படங்குச் சாக்கு இடுப்பிலேயே இருக்க, தரையில் குந்தியிருந்தாள். டீச்சரைக் கண்டதும் எழுந்து கும்பிட்டாள். மகளின் டீச்சர் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாளே என்று அழுதாள். பெற்றீசியா உண்மையைச் சொல்லாமலே திரும்பினாள். புதன்கிழமை பொன்னையா செத்துப்போனார்.

புதைத்த பிறகு பெற்றீசியா தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஏறிப் போனாள். வாசலில் ஆட்கள் இருந்தார்கள். பேச்சியம்மாவின் முன்னால் நின்று, எதையும் சுற்றாமல் சொன்னாள்.

"பேச்சியம்மா, அந்தப் பத்திரிகையில எழுதுனது ஒங்க வீட்டுக்காரர் இல்ல. நான். அவர் தபால்ல போட்டதெல்லாம் என்னோட கவர்."

பேச்சியம்மா எழுந்தாள். பிறகு அடுப்படியில் கிடந்த விறகுக் கட்டையை எடுத்து அடித்தாள். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது நெற்றியைக் கிழித்தது. பெற்றீசியா கையைத் தூக்கவில்லை. ஆட்கள் ஓடிவந்து பேச்சியம்மாவைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஒங்க பேர நீங்க ஒளிச்சு வச்சுக்கிட்டீங்க. எம்புருசன் அத சொமந்துக்கிட்டு செத்துப் போனாரு!" என்று அவள் கத்தினாள். மூச்சு வாங்கியது. "வெள்ளிக்கிழமையானா லயத்துல எல்லாரையும் கூட்டி வச்சு வாசிப்பாரு. தாடி வர்ற எடத்துல தாடியச் சொறிஞ்சுக்குவாரு. எல்லாரும் அவருதான் எழுதுறாருன்னு நெனச்சாங்க. அவரும் இல்லன்னு சொல்லல. அதுல ஒரு பெரும அவருக்கு. நாங்கூட நம்பிட்டேனே… நாங்கூட நம்பிட்டேனே!"

நெற்றி இரத்தம் கண்ணில் இறங்க, பெற்றீசியா மலைப்பாதையில் இறங்கி வந்தாள். அடி வலிக்கவில்லை என்று அவள் பின்னாளில் செல்லப்பாவிடம் சொன்னாள். பொன்னையா 'நாந்தான்' என்று சொன்னது அவளைக் காப்பாற்றவா, அந்தப் பெருமையை விடமுடியாமலா என்று யோசித்தபடியே நடந்தாளாம். கடைசிவரை அவளுக்கு விடை தெரியவில்லை.

அன்றே பத்திரிகைக் கந்தோரின் படியில், கீழே பஸ்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, முதன்முறையாக ஏறினாள்.

"உமக்கென்ன விசரோ ரீச்சர்?" என்றார் செல்லப்பா. "உம்மட பேரைப் போட்டால் நாளைக்கே உம்மை வெட்டுவாங்கள்."

"பேர் இல்லாம போட்டா பொன்னையாதான் எழுதுனாருன்னு ஆயிரும். அவர் செத்ததுக்கு அது ஞாயம் மாதிரி ஆயிரும். போடுங்க."

செல்லப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஓம், போடுறன்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமைப் பத்தி அவளுடைய முழுப் பெயரோடு வந்தது. 'வழிப்போக்கன் என்ற பெயரில் இரண்டு வருடமாக எழுதியவள் நான். தபால்காரர் பொன்னையா ஒரு வரியும் எழுதவில்லை. நான் எழுதியதற்காக அவரைக் கொன்றார்கள். கொன்றவன் அதை எனக்குச் சொன்ன சொற்கள் இவை' என்று தொடங்கி, கிளறன்ஸ் பஸ்ஸில் சொன்னதை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருந்தாள்.

கிளறன்ஸையும் கூட்டாளிகள் இருவரையும் பொலிஸ் கொண்டுபோனது. பாடசாலையை நடத்திய சுவாமியார் அவளைக் கூப்பிட்டு, ஆண் பெயரில் ஊர்ச் சண்டையை எழுதும் ஒருத்தி பிள்ளைகளுக்குப் படிப்பிக்கக்கூடாது என்று நிறுத்திவிட்டார். அவள் செல்லப்பாவின் கந்தோரிலேயே வேலைக்குச் சேர்ந்தாள்.

வழக்குக்கு அவளுடைய வாய்ச்சாட்சி மட்டும் போதாது என்று பொலிஸ் சொன்னது. குறுக்குப் பாதையில் நடந்ததைக் கண்டவர் யாராவது இருப்பார்கள் என்று தேடி அவள் கலஹாவுக்குப் போனாள். எதிர்க் கொம்பனி பஸ்ஸில்தான் போனாள். திரும்பி வரும்போது ராஜலிங்கத்தின் பஸ் பின்னால் துரத்தியது. ஒரு வளைவில் பக்கவாட்டில் வந்து இடித்தது. அவள் இருந்த பஸ் மண்திட்டில் மோதிச் சரிந்து நின்றது. கண்ணாடி நொறுங்கிச் சனத்தின் மேல் கொட்டியது. கூச்சலுக்கு நடுவே ராஜலிங்கம் புதிதாகச் சேர்த்த ஒருவன் உள்ளே பாய்ந்து, பெற்றீசியாவைக் கூந்தலில் பிடித்து வீதிக்கு இழுத்தான். அவளுடைய வலது கையை மிதிபலகையில் வைத்துக் காலால் அழுத்திக்கொண்டு, இரும்புக் கம்பியால் முழங்கைக்குக் கீழே அடித்தான். பிறகு மறுபடியும் அடித்தான்.

மூன்றாவது அடி விழவில்லை. மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு வந்த வீரம்மா என்ற தோட்டத்துப் பெண் அதே பஸ்ஸில் இருந்தாள். அவள் குதித்து இறங்கி, அரிவாளால் அவனுடைய தொடையைப் பின்னாலிருந்து ஒரே இழுப்பில் அறுத்தாள். அவன் அலறிக்கொண்டு விழுந்தான். அவனுடைய கூட்டாளிகள் அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். வீதியில் இரத்தம் நீளமாகக் கோடு போட்டிருந்தது. வீரம்மா அரிவாளைப் புல்லில் துடைத்துவிட்டுப் பெற்றீசியாவைத் தூக்கி நிறுத்தினாள்.

"டீச்சரம்மா, அந்தச் சனிக்கிழம நானும் புல்லுக்குத்தான் போயிருந்தேன். பாத்தேன். பயத்துல வாயத் தெறக்கல" என்றாள். "இப்ப சொல்றேன். எங்க வந்து சொல்லணும்?"

கண்டியில் வழக்கு நடந்தது. பெற்றீசியா கையைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு கூண்டில் ஏறினாள். எதிரிகளுக்காக வாதாடிய அப்புக்காத்து பழைய பத்தியொன்றை உயர்த்திப் பிடித்தார்.

"'தாடியைச் சொறிந்துகொண்டு' என்று இதில் எழுதியிருக்கிறீர். உமக்குத் தாடி உண்டா?"

கோர்ட்டு முழுவதும் சிரித்தது. தீர்ப்புச் சொல்ல அமர்ந்திருந்த யூரிமாரில் ஒருவருக்கும் சிரிப்பு வந்தது.

"எனக்கு இல்ல" என்றாள் பெற்றீசியா. "பொன்னையாவுக்கு இருந்துச்சு. அதப் பாத்துத்தான் நான் எழுதுனேன். அதப் பிடிச்சுத்தான் இவங்க இழுத்தாங்க. ஆஸ்பத்திரியில பாதிதான் மிச்சம் இருந்துச்சு."

அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. வீரம்மாவும் வந்து, கண்டதைக் கண்டபடி சொன்னாள். கிளறன்ஸுக்கு நீண்ட கடூழியச் சிறை கிடைத்தது. மற்ற இருவரும் விடுதலையானார்கள். ராஜலிங்கத்தின் பங்கை யாராலும் நிரூபிக்க முடியவில்லை. அவர் அடுத்த மாதமே புது பஸ் இறக்கினார்.

விலங்கு மாட்டிக் கொண்டுபோகும்போது கிளறன்ஸ் அவளருகே நின்றான். அவன் முகத்தில் கோபம் இல்லை.

"டீச்சர், நீங்கதான்னு தெரிஞ்சிருந்தா கை வச்சிருக்க மாட்டேன். மாதா மேல சத்தியம்."

அவன் உண்மையைத்தான் சொன்னான் என்பது அவளுக்குத் தெரிந்தது. பூசையில் பக்கத்து வாங்குப்பலகையில் முழங்காலிடும் டீச்சரை அவன் தொட்டிருக்கமாட்டான். பாதையில் தனியாக வரும் தோட்டத்துத் தபால்காரரை மிதித்துக் கொல்லலாம்.  ஆத்திரத்தில் அவன் முகத்தில் காறித் துப்பவேண்டும் போல இருந்தது. பொலிஸ்காரர் அவனை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

கை எலும்பு கூடியது, ஆனால் நேராகவில்லை. இடது கையால் எழுதப் பழகினாள். அதைவிடக் கஷ்டமான ஒன்று வந்தது. அவள் பஸ்ஸில் ஏறினால் பேச்சு நின்றுவிடும். கடைக்குப் போனால் ஆட்கள் கண்ணால் சாடை காட்டி விலகுவார்கள். முன்பு காதில் வந்து விழுந்த கதைகள் எதுவும் இப்போது வரவில்லை. பல வெள்ளிக்கிழமைகள் அவளுடைய பத்தி வெறும் புத்திமதியாக வந்தது. செல்லப்பா ஒன்றும் சொல்லாமல் அச்சுக் கோத்தார். அவர் சொல்லாமல் இருந்தது அவளுக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் மாடிப்படியில் பேச்சியம்மா ஏறி வந்தாள். அவளோடு இளம்பெண் ஒருத்தி, தலையைக் குனிந்தபடி வந்தாள். செல்லப்பா கதிரையை இழுத்துப் போட்டார். பேச்சியம்மா உட்காரவில்லை.

"ஒங்களோட எனக்கு ஒறவு கெடையாது" என்று பெற்றீசியாவைப் பார்த்துச் சொன்னாள். "இந்தப் புள்ளைக்காகத்தான் வந்தேன். கங்காணி இவள மரத்துல கட்டி வச்சு அடிச்சிருக்கான். பொலிசுக்குப் போனா தோட்டத்த விட்டு வெரட்டிருவாங்க. நீங்க எழுதுவீங்களா, மாட்டீங்களா?"

அந்தப் பெண் ரவிக்கையைத் தோளிலிருந்து இறக்கித் திரும்பினாள். முதுகு முழுவதும் பிரம்பின் கோடுகள். சில இன்னும் வெடித்து நீர் கசிந்தன. செல்லப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெற்றீசியா திருப்பவில்லை. கிட்டப் போய், எது எப்போது விழுந்தது என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தாள். அன்று பின்னேரமே தோட்டத்துப் பக்கம் போய் இன்னும் இருவரிடம் விசாரித்தாள். பேச்சியம்மா வழி காட்டினாள். வழி முழுவதும் பத்தடி முன்னாலேயே நடந்தாள்.

பத்தி வெள்ளிக்கிழமை வந்தது. கங்காணியின் பெயரோடு வந்தது. சனிக்கிழமை பட்டப்பகலில், பஸ் நிலையம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, கங்காணியின் ஆட்கள் மேல்மாடி ஜன்னல்களுக்குக் கல் எறிந்தார்கள். ஒரு கல் செல்லப்பாவின் காதைக் கிழித்தது. கண்ணாடித் துண்டுகள் அச்செழுத்துப் பெட்டிகளுக்குள் எல்லாம் விழுந்தன. எழுத்துப் பொறுக்கும்போது விரல் வெட்டியது.

செல்லப்பா காதில் துணியைக் கட்டிக்கொண்டு ஜன்னலை அளந்தார்.

"இனிக் கண்ணாடி போட்டுச் சரிவராது ரீச்சர். பலகைதான் அடிக்கவேணும்" என்றார்.

பலகை அடித்தார்கள். அந்தக் கந்தோரில் அதற்குப் பிறகு பகலிலும் விளக்கு எரிந்தது. படியில் ஆட்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். சிலர் தலையில் கட்டோடு, சிலர் கையில் கட்டோடு. பெற்றீசியா இடது கையால் எழுதிக்கொண்டிருந்தாள்.